ஓசிஆர்மைபிடிஎஃப் நிறுவும்போது வரும் பிழைகள்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

கோத்தகிரி, குன்னூர் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகளின் சங்கங்களிலும் ஊர் நூலகங்களிலும் பழைய ஆண்டறிக்கைகள், சுற்றறிக்கைகள், தட்டச்சுக் கடிதங்கள் ஆகியவை அலமாரியில் ஈரம் ஏறிக் கொண்டிருக்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்துவிட்டால் பாதி வேலைதான் முடிகிறது. ஏனெனில் ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம், அதில் 'பசுந்தேயிலை விலை' என்று தட்டித் தேடினால் ஒன்றும் அகப்படாது. அந்தப் படத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத எழுத்து அடுக்கு ஒன்றைச் சேர்த்து, தேடக்கூடிய கோப்பாக மாற்றித் தருவது ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற இலவசப் பைத்தான் கட்டளைக் கருவி. கருவி மிக நல்லது. ஆனால் அதை நிறுவுவதில் பலர் முதல் நாளே சோர்ந்துபோய் விட்டுவிடுகிறார்கள் என்பதால், இந்தக் குறிப்பை அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

கட்டளைகளை ஒலிப்பு முறையில் தமிழில் தந்திருக்கிறேன்; டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் சன்னலில், அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும்; சூழல் மாறிகளின் (நிரல்களுக்கு அமைப்பைச் சொல்லும் மாறிகளின்) பெயர்கள் மட்டும் பெரிய எழுத்துகளில் வரும். ஆப்ஷன் என்று நான் குறிப்பிடும் சொல்லுக்கு முன்னால் இரண்டு சிறுகோடுகள் வரும். உபுண்டு இயங்குதளத்தை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். விண்டோஸ் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

எந்தப் பிழையைப் பார்க்கும் முன்பும் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கருவி நான்கு அடுக்குகளின் மேல் நிற்கிறது. அடியில் பைத்தான், அதன் மேல் பைத்தான் பேக்கேஜ்கள், அவற்றுக்கு வெளியே தனி நிரல்களான டெசராக்ட் (படத்திலுள்ள எழுத்தைப் படிப்பது), கோஸ்ட்ஸ்கிரிப்ட் (பிடிஎஃபைக் கையாள்வது), கடைசியாக, டெசராக்ட் தமிழைப் படிக்கத் தேவையான மொழித் தரவு. பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் என்ற கருவியின் 'பிப் இன்ஸ்டால்' கட்டளை கொண்டுவருவது இரண்டாம் அடுக்கை மட்டுமே. மற்ற மூன்றையும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பிழை எந்த அடுக்கில் இருக்கிறது என்று தெரியாமல் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவதுதான் நேரத்தை விழுங்கும் பெரிய காரணம். பைத்தான் ஒரு பக்க நீளத்துக்குப் பிழைச் செய்தி கொட்டினாலும், காரணம் பெரும்பாலும் கடைசி வரியில் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள்.

அறிகுறி: நிறுவத் தொடங்கியதுமே 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்' என்று மறுக்கிறது

உபுண்டு 23.04 முதலும் டெபியன் 12 முதலும் இந்தச் செய்தி வருகிறது. இயங்குதளத்தின் சொந்த வேலைகளுக்கே பைத்தான் பயன்படுவதால், அதற்குள் வெளியிலிருந்து பேக்கேஜ்களைத் திணிக்க வேண்டாம் என்று பிப் தடுக்கிறது. இது பழுதன்று, பாதுகாப்பு. இதைத் தாண்ட 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்றொரு ஆப்ஷன் உண்டு என்று செய்தியே சொல்லும், அதைத் தொடாதீர்கள். நிர்வாகி உரிமையோடு 'சூடோ பிப்' என்று தட்டுவதும் அதே அளவு தவறானது. இன்று வேலை நடந்துவிடும். என்றோ ஒரு நாள் இயங்குதளத்தைப் புதுப்பிக்கும்போது வேறொரு நிரல் உடைந்து நிற்கும், அப்போது காரணத்தைத் தேடிப் பிடிப்பது எளிதாக இராது.

சரியான வழி இரண்டு. முதலாவது, உபுண்டுவின் சொந்த நிறுவல் கருவியான ஆப்ட் வழியாக 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஓசிஆர்மைபிடிஎஃப்'. இதில் கிடைப்பது சற்றுப் பழைய பதிப்பாக இருக்கலாம், ஆனால் டெசராக்டும் கோஸ்ட்ஸ்கிரிப்டும் சேர்ந்தே வந்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதிலேயே நின்றுவிடலாம் என்பது என் கருத்து. புதிய பதிப்புதான் வேண்டும் என்றால், 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பிப்எக்ஸ்' என்று பிப்எக்ஸை நிறுவிவிட்டு, 'பிப்எக்ஸ் இன்ஸ்டால் ஓசிஆர்மைபிடிஎஃப்' என்று தட்டுங்கள். பிப்எக்ஸ் ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சூழல் அமைத்துத் தருவதால் ஒன்றின் பேக்கேஜ் மற்றொன்றோடு மோதாது.

அறிகுறி: நிறுவி முடிந்தது என்கிறது, தட்டினால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்கிறது

கருவி வந்துவிட்டது, அது இருக்கும் இடம், கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லுக்குத் தெரியவில்லை. பிப்எக்ஸ் தன் கருவிகளை உங்கள் ஹோம் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் புள்ளி-லோக்கல் என்ற கோப்புறையில் உள்ள 'பின்' (பி, ஐ, என்) என்ற உட்கோப்புறையில் வைக்கிறது. 'பிப்எக்ஸ் என்ஷ்யூர்பாத்' என்று ஒருமுறை தட்டிவிட்டு, அந்த டெர்மினலை மூடிப் புதிதாகத் திறக்க வேண்டும். திறந்திருக்கும் பழைய சன்னலிலேயே மறுபடி மறுபடி முயன்றால் வராது.

விண்டோஸில் 'பைத்தான்' என்று தட்டியதும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொண்டால், அங்கே நிற்பது உண்மையான பைத்தான் அன்று, கடைக்கு அழைத்துச் செல்லும் ஒரு குறுக்குவழி. அமைப்புகளில் 'ஆப் எக்ஸிக்யூஷன் அலியாசஸ்' என்ற பகுதியில் அதை அணைக்கலாம். அல்லது 'பைத்தான்' என்பதற்குப் பதில் 'பிஒய்' என்ற இரண்டெழுத்துக் கட்டளையைப் பயன்படுத்தலாம். கருவியின் இடம் தெரியாத இந்தச் சிக்கல் தீரும் வரை 'பிஒய், சிறுகோடு எம், ஓசிஆர்மைபிடிஎஃப்' என்று அழைத்தாலும் கருவி ஓடும்.

அறிகுறி: பதிவிறக்கம் பாதியில் அறுந்து 'ரீட் டைம்டு அவுட்' என்கிறது

மலையில் இது அன்றாடப் பிரச்சினை. வடகிழக்குப் பருவமழை நாட்களில் கோத்தகிரிப் பக்கமும், தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூர்ப் பக்கமும் மின்சாரம் போனால் செல்போன் சிக்னலும் சேர்ந்து தளர்ந்துவிடுகிறது. பிப் ஓர் இணைப்புக்காக இயல்பாகக் காத்திருப்பது 15 விநாடிகள் மட்டுமே. 'டைம்அவுட்' என்ற ஆப்ஷனில் 100 என்றும், 'ரீட்ரைஸ்' என்ற ஆப்ஷனில் 10 என்றும் கொடுத்தால் மெதுவான இணைப்பிலும் பெரும்பாலும் வந்து சேரும்.

அதுவும் நடக்காத இடங்களுக்கு உறுதியான வழி ஒன்று உண்டு. மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ நல்ல இணைப்புள்ள கணினியில் 'பிப் டவுன்லோட் ஓசிஆர்மைபிடிஎஃப், சிறுகோடு டி, கோப்புறைப் பெயர்' என்று தட்டினால், தேவையான எல்லாப் பேக்கேஜ்களும் அந்தக் கோப்புறையில் வந்து விழும். அதைப் பென்டிரைவில் மலைக்குக் கொண்டுவந்து, இங்குள்ள கணினியில் வர்ச்சுவல் என்விரான்மென்ட் (தனிப் பைத்தான் சூழல்) ஒன்றை உருவாக்கி, அதற்குள் 'பிப் இன்ஸ்டால்' கட்டளையோடு 'நோ-இண்டெக்ஸ்' என்ற ஆப்ஷனையும், 'ஃபைண்ட்-லிங்க்ஸ்' என்ற ஆப்ஷனில் அந்தக் கோப்புறையையும் கொடுத்தால் இணையமே இல்லாமல் நிறுவலாம். ஒரே நிபந்தனை: இரண்டு கணினிகளிலும் இயங்குதளமும் பைத்தான் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். கீழே பைத்தான் 3.12இல் இறக்கியதை மேலே 3.10இல் நிறுவ முயன்றால், பொருந்தும் பதிப்பு இல்லை என்று பிப் கைவிரித்துவிடும்.

அறிகுறி: இணையம் நன்றாக இருந்தும் 'சர்ட்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்டு' என்கிறது

முதலில் திரையின் மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். அடிக்கடி மின்வெட்டைச் சந்திக்கும் பழைய டெஸ்க்டாப்களில், மதர்போர்டில் காசு போல் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோயிருந்தால், மின்சாரம் திரும்பும்போது கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும். பாதுகாப்புச் சான்றிதழின் தொடக்கத் தேதி இன்னும் வரவில்லை என்று கணினி நம்பும். எந்தத் தளத்தையும் ஏற்காது. தேதியைத் திருத்தினால் பிழை அந்த நொடியே மறையும். பேட்டரியையும் மாற்றிவிட்டால் திரும்பி வராது. சான்றிதழ்ச் சோதனையை அணைத்து வைக்கும் குறுக்குவழிகளைத் தேடிப் போக வேண்டாம்.

அறிகுறி: டெசராக்ட் இல்லை என்கிறது, அல்லது 'டாம்' மொழிக்குத் தரவு இல்லை என்கிறது

இவை இரண்டும் வெவ்வேறு பிழைகள். "அண்ணா, எல்லாம் போட்டாச்சு, ஆனா டெசராக்ட் கிடைக்கலேன்னு சொல்லுது" என்று கேட்கும் தம்பிமார் பெரும்பாலும் பிப்எக்ஸ் வழியாக மட்டும் நிறுவியவர்கள். மூன்றாம் அடுக்கு வரவேயில்லை. 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்பதோடு 'டெசராக்ட்-ஓசிஆர்', 'கோஸ்ட்ஸ்கிரிப்ட்' ஆகிய இரண்டையும் சேர்த்துத் தட்டினால் தீரும். விண்டோஸில் இரண்டுக்கும் தனித்தனி இன்ஸ்டாலர்கள் உண்டு. 64 பிட் பதிப்புகளையே எடுக்க வேண்டும்.

டெசராக்ட் இருந்தும் மொழித் தரவு இல்லையென்றால், 'டெசராக்ட்-ஓசிஆர்-டாம்' என்ற பேக்கேஜையும் நிறுவ வேண்டும். தமிழுக்கான குறி டி, ஏ, எம் என்ற மூன்றெழுத்து. டெசராக்ட் கட்டளையில் 'லிஸ்ட்-லேங்ஸ்' என்ற ஆப்ஷனைக் கொடுத்தால், கணினியில் இருக்கும் மொழிகளின் பட்டியல் வரும். அதில் டாம் இருந்தால்தான் மேலே போக வேண்டும்.

சிலர் இன்னும் துல்லியமாகப் படிக்கும் 'டெஸ்டேட்டா பெஸ்ட்' தொகுப்பிலிருந்து தமிழ்க் கோப்பைக் கையால் இறக்கி, ஹோம் கோப்புறையில் வைத்து, 'டெஸ்டேட்டா ப்ரீஃபிக்ஸ்' என்ற சூழல் மாறியை அங்கே திருப்பிவிடுகிறார்கள். உடனே ஆங்கிலம் காணாமல் போகும். சில சமயம் அமைப்புக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்றும் வரும். அந்த மாறியைத் திருப்பினால் டெசராக்ட் எல்லாவற்றையும் புதிய இடத்திலேயே தேடும். ஆங்கிலத் தரவும் 'கான்ஃபிக்ஸ்' என்ற உட்கோப்புறையும் பழைய இடத்தில் கிடக்கின்றன. மாறியை நீக்கிவிட்டு, இறக்கிய கோப்புக்கு 'டாம்பெஸ்ட்' என்பது போல வேறு பெயர் கொடுத்து, டெசராக்டின் சொந்த டெஸ்டேட்டா கோப்புறையிலேயே வைப்பது மேல். அப்போது இரண்டு தமிழ்த் தரவுகளும் அருகருகே இருக்கும், வேண்டியதைப் பெயர் சொல்லி அழைக்கலாம். ஆப்ட் புதுப்பிக்கும்போது நம்முடைய கோப்பு அழியாது.

அறிகுறி: வேலை முடிந்தது, ஆனால் எழுத்தெல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாக வருகிறது

மொழியைச் சொல்லாவிட்டால் கருவி ஆங்கிலம் என்றே எடுத்துக்கொள்ளும். தமிழ்ப் பக்கத்தை ரோமன் எழுத்துகளாகப் படிக்க முயன்று குப்பையைத் தரும். ஒற்றைச் சிறுகோட்டுடன் எல் என்ற எழுத்தை இட்டு, அதன் பின் 'டாம்' கொடுக்க வேண்டும். நம் சுற்றறிக்கைகளில் ஆங்கிலமும் கலந்தே இருப்பதால் 'டாம்', கூட்டல் குறி, 'எங்' என்று இடைவெளியில்லாமல் சேர்த்துக் கொடுப்பது நல்லது. எப்போதும் இதுவே வேண்டும் என்றால், ஷெல்லின் அமைப்புக் கோப்பான பாஷ்ஆர்சியில் ஒரு அலியாஸாக (குறுக்குப் பெயராக) எழுதி வைத்துவிடுங்கள்.

அறிகுறி: 'பேஜ் ஆல்ரெடி ஹேஸ் டெக்ஸ்ட்' என்று நின்றுவிடுகிறது

இங்கே நிதானம் வேண்டும், ஏனெனில் மூன்று தீர்வுகளில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கோப்பின் தரமே மாறும். கோப்பில் ஏற்கெனவே எழுத்து அடுக்கு இருக்கிறது என்பதுதான் செய்தி. அந்த அடுக்கு எப்படிப்பட்டது என்று பார்க்க, பிடிஎஃபைத் திறந்து ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, ஒரு வெற்று உரைக் கோப்பில் ஒட்டுங்கள்.

ஒட்டியது ஒழுங்கான தமிழாக இருந்தால், அந்தப் பக்கங்களைத் தொட வேண்டியதில்லை. 'ஸ்கிப்-டெக்ஸ்ட்' என்ற ஆப்ஷன், எழுத்து இல்லாத பக்கங்களை மட்டும் படித்துவிட்டு மற்றவற்றை அப்படியே விடும்.

ஒட்டியது தப்பும் தவறுமான தமிழாக இருந்து, பக்கம் ஒரு ஸ்கேன் படமாகத் தெரிந்தால், யாரோ முன்பே எழுத்துணரி வைத்துப் படித்திருக்கிறார்கள். 'ரீடூ-ஓசிஆர்' என்ற ஆப்ஷன் அந்த மறைந்த அடுக்கை நீக்கிவிட்டுப் புதிதாகப் படிக்கும், படம் கெடாது. சாய்வைச் சரிசெய்யும் 'டீஸ்க்யூ' ஆப்ஷனை இதோடு சேர்த்துக் கொடுக்க முடியாது. கொடுத்தால் கருவி ஏற்காது.

மூன்றாவது வகைதான் நம் ஊர்களில் அதிகம். பக்கத்தில் அழகான தமிழ் தெரியும். நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்து வரும். அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக்கிய கோப்பு. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவிப்பதற்கு முன்னால் அலுவலகங்களில் தயாரான கோப்புகளில் இவ்வகை மிகுதி. பிறகும் பல இடங்களில் பழக்கம் தொடர்ந்தது. இங்கே 'ஸ்கிப்-டெக்ஸ்ட்' கொடுத்தால், கருவி வெற்றி என்று சொல்லிவிட்டுக் குப்பையை அப்படியே விட்டுவிடும். 'ரீடூ-ஓசிஆர்' கொடுத்தாலும் பயனில்லை. அது மறைந்த எழுத்தை மட்டுமே நீக்கும், கண்ணுக்குத் தெரியும் எழுத்தை நீக்காது. 'ஃபோர்ஸ்-ஓசிஆர்' என்ற ஆப்ஷன்தான் பக்கத்தை முழுப் படமாக மாற்றிவிட்டுப் புதிதாகப் படிக்கும். கோப்பு பெரிதாகும், எழுத்தின் கூர்மை சற்றுக் குறையும். ஆகவே மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொண்டே இதைச் செய்ய வேண்டும். எல்லாக் கோப்புகளுக்கும் கண்மூடி 'ஃபோர்ஸ்' கொடுப்பவர்கள் நல்ல கோப்புகளையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

அறிகுறி: தமிழ் வருகிறது, ஆனால் சில சொற்கள் மட்டும் எப்போதும் தவறாகவே வருகின்றன

இது நிறுவல் பிழை அன்று. ஆனாலும் பலர் இதற்காகக் கருவியை மறுபடி நிறுவிப் பார்ப்பதால் சொல்கிறேன். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரை ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் துதிக்கை போல் வளைந்த கொம்புடனும், ணா, றா, னா ஆகியவை கூட்டெழுத்தாகவும் அச்சாகின. இன்றைய எழுத்துருக்களில் பழகிய டெசராக்ட் அவற்றைப் பெரும்பாலும் வேறெதுவாகவோ படிக்கிறது. தேயிலை, விலை, தொழிற்சாலை, மலை என்று நம் ஆவணங்களில் வரும் முக்கியச் சொற்கள் அனைத்திலும் 'லை' இருப்பதைக் கவனியுங்கள். 1960களின் ஆண்டறிக்கை ஒன்றில் 'தேயிலை' என்று தேடி ஒன்றும் வரவில்லை என்றால், அந்தச் சொல் அங்கே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

'சைடுகார்' என்ற ஆப்ஷனில் ஒரு கோப்புப் பெயரைக் கொடுத்தால், படித்த உரை முழுவதும் தனி உரைக் கோப்பாகவும் கிடைக்கும். அதில் அந்தச் சொல் எந்த உருவில் விழுந்திருக்கிறது என்று பார்த்து, அதே உருவில் தேடலாம். அல்லது அந்த உரைக் கோப்பைத் திருத்தி வைத்துக்கொள்ளலாம். சைடுகாரில் செய்யும் திருத்தம் பிடிஎஃபுக்குள் போய்ச் சேராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கையெழுத்துத் தீர்மானப் புத்தகங்களை இந்தக் கருவியிடம் கொடுத்துப் பயனில்லை. அச்சும் தட்டச்சும் மட்டுமே இதன் எல்லை.

படத்தின் தரத்தையும் பாருங்கள். 300 டிபிஐக்குக் குறையாமல் ஸ்கேன் செய்ய வேண்டும். பனிக்காலக் காலையில் குளிர்ந்து கிடந்த ஸ்கேனரை ஹீட்டர் ஓடும் அறையில் வைத்து உடனே இயக்கினால், கண்ணாடியில் மெல்லிய நீராவி படர்ந்திருக்கும். பக்கத்தின் நடுவில் ஒரு வட்டம் மட்டும் மங்கி, அங்குள்ள வரிகள் மட்டும் உடைந்து வரும். கண்ணாடியைத் துடைத்து, சிறிது நேரம் விட்டு மறுபடி எடுத்தால் போதும். ஈரக் கறைகளை மறைக்க 'க்ளீன்' என்ற ஆப்ஷன் உதவும். அதற்கு 'அன்பேப்பர்' என்ற நிரலை ஆப்ட் வழியாகச் சேர்க்க வேண்டும். ஆனால் சிறு புள்ளிகளை அழுக்கென்று எடுத்துக்கொண்டு அது மெய்யெழுத்தின் புள்ளியையும் அழித்துவிட வாய்ப்பு உண்டு. 'பேஜஸ்' என்ற ஆப்ஷனில் இரண்டு மூன்று பக்க எண்களை மட்டும் கொடுத்துச் சோதித்துப் பார்த்த பிறகே முழுக் கோப்புக்கும் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: சில பக்கங்களில் மட்டும் எழுத்தே இல்லை, அல்லது கணினி உறைந்துபோகிறது

ஒரு பக்கத்தைப் படிக்க 180 விநாடிகளுக்கு மேல் ஆனால், கருவி அந்தப் பக்கத்தை எழுத்து இல்லாமலேயே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். ஓடும்போது வரும் செய்திகளில் 'டுக் டூ லாங்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கணினிகளில் 'டெசராக்ட்-டைம்அவுட்' ஆப்ஷனில் 600 என்று கொடுத்தால் சரியாகும். கணினி உறைவதற்குக் காரணம், ப்ராசசரில் உள்ள கோர்கள் எத்தனையோ அத்தனை பக்கங்களையும் கருவி ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்வது. 4 ஜிபி நினைவகம் மட்டும் உள்ள கணினியில் 'ஜாப்ஸ்' ஆப்ஷனில் 1 அல்லது 2 கொடுங்கள். மெதுவாக நடக்கும், ஆனால் முடியும்.

அறிகுறி: 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்'

பெரிய கோப்பைப் படிக்கும்போது ஒவ்வொரு பக்கமும் தற்காலிகப் படமாக டெம்ப் கோப்புறையில் விரிகிறது. பல ஜிபி இடம் தேவைப்படலாம். 'டிஎம்பிடிஐஆர்' (டி, எம், பி, டி, ஐ, ஆர்) என்ற சூழல் மாறியை இடமுள்ள வேறு டிஸ்க்குக்குத் திருப்பினால் போதும். அப்படித் திருப்பிய பின் நடுவில் மின்சாரம் போனால், 'ஓசிஆர்மைபிடிஎஃப்' என்று தொடங்கும் பெயருள்ள கோப்புறை அங்கேயே தங்கிவிடும். அதை நாமே அழிக்க வேண்டும்.

மின்வெட்டைப் பற்றி இன்னொன்று. விளைவுக் கோப்பைக் கருவி கடைசியில்தான் எழுதுகிறது. நானூறு பக்கக் கோப்பில் முந்நூற்றைம்பதாம் பக்கத்தில் மின்சாரம் போனால் முழு வேலையும் முதலிலிருந்துதான். மூலக் கோப்புக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே யுபிஎஸ் இல்லாத இடங்களில், 'க்யூபிடிஎஃப்' என்ற நிரலின் 'ஸ்ப்ளிட்-பேஜஸ்' ஆப்ஷனில் 50 என்று கொடுத்து, ஐம்பது ஐம்பது பக்கங்களாக முதலில் பிரித்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

அறிகுறி: நேற்றுவரை ஓடியது, உபுண்டுவைப் புதுப்பித்ததும் நின்றுவிட்டது

உபுண்டு 22.04இல் இருந்தது பைத்தான் 3.10, 24.04இல் இருப்பது 3.12. பிப்எக்ஸ் அமைத்த தனிச் சூழல் பழைய பைத்தானையே தேடுவதால், 'பேட் இண்டர்ப்ரெட்டர்' என்றோ, 'நோ மாட்யூல்' என்றோ பிழை வரும். 'பிப்எக்ஸ் ரீஇன்ஸ்டால்-ஆல்' என்று தட்டினால் எல்லாச் சூழல்களும் புதிய பைத்தானுக்கு மாறும். டெசராக்டின் டெஸ்டேட்டா கோப்புறையின் பாதையும் 4.00 என்பதிலிருந்து 5 என்று மாறியிருக்கும் என்பதால், கையால் வைத்த டாம்பெஸ்ட் கோப்பையும் புதிய இடத்துக்கு நகலெடுத்துவிட்டு, மொழிப் பட்டியலில் அது தெரிகிறதா என்று பாருங்கள்.